கடலில் வேண்டாம், கழிமுகத்தில் பிடிக்கலாம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களின் சங்கங்கள் பல ஆண்டுகளாக ஒரு கோரிக்கையை விடாமல் வைத்துவருகின்றன. பொரிப்பகங்களில் வளர்த்துக் கடலுக்கு அனுப்பும் சினூக் சால்மன் குஞ்சுகள் அத்தனைக்கும் ஒரு சிறு துடுப்பை நறுக்கிவிடுங்கள். துடுப்பு நறுக்கிய மீனை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், துடுப்போடு வரும் காட்டு மீனை விட்டுவிடுகிறோம். கோடைக் கடலை எங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்கிறார்கள். எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் தன் உள்கடல் சினூக்குக்கு 2003 முதல் இந்த முறையைத்தான் கடைப்பிடித்து வருகிறது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனாலும் கனடா இதற்கு இணங்கக் கூடாது என்பது என் கருத்து. கோடையில் கடலில் நின்று சினூக்கைப் பிடிப்பதே தவறான இடத்தில் பிடிப்பது. துடுப்பை நறுக்குவதால் இடம் சரியாகிவிடாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் ஜார்ஜியா நீரிணை, மேற்கே பசிபிக்கை நோக்கித் திறக்கும் ஹுவான் டி ஃபூகா நீரிணை, தெற்கே சியாட்டிலைத் தாண்டியும் உள்ளே நீளும் பியூஜெட் சவுண்ட் ஆகிய மூன்றையும் சேர்த்து சேலிஷ் கடல் என்கிறார்கள். ஃப்ரேசர் போன்ற பேராறு முதல் தாண்டிக் கடக்கக்கூடிய ஓடை வரை எத்தனையோ நீரோட்டங்கள் இதில் வந்து விழுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் அதற்கே உரிய சால்மன் கூட்டம் உண்டு. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், சில ஆண்டுகள் தின்று கொழுத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் சாகும் மீன் இது. (நம் மீன் சந்தையில் ‘இந்தியன் சால்மன்’ என்று சொல்லி விற்கும் காலாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.) வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் உள்ள ஐந்து சால்மன் வகைகளில் பெரியது சினூக். 1985இல் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு சினூக் 97 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 44 கிலோ இருந்தது. இன்று அந்த உருவத்தை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். சினூக்குகள் முன்பைவிடக் குறைந்த வயதில், சிறிய உடலோடு திரும்புகின்றன.

ஜூலை பிறந்துவிட்டால் இந்தக் கரையோர ஊர்களில் விடியலுக்கு முன்பே படகுத்துறைகள் விழித்துக்கொள்ளும். படகின் விளிம்பில் டவுன்ரிகர் என்றொரு சிறு ராட்டினம் இருக்கும். அதன் கம்பி நுனியில் பத்துப் பன்னிரண்டு பவுண்டு ஈயக் குண்டு. தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியால் மாட்டி, நூறு அடி, நூற்றைம்பது அடி என்று இறக்குவார்கள். நரம்பின் கோடியில் சுழன்று மின்னும் பிளாஷர் பட்டை. அதற்குப் பின்னால் ஹெர்ரிங் மீனோ, கணவாய் போலச் செய்த பிளாஸ்டிக் இரையோ. படகு நடை வேகத்தில் ஊரும். மீன் கடித்து இழுத்ததும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட, வில்லாக வளைந்து நின்ற கோல் சட்டென்று நிமிரும். படகில் இருப்பவர் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தக் கத்தலில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இதைப் பிடிக்காத வாத்தியார் போலப் பேச நான் வரவில்லை.

பியூஜெட் சவுண்டில் அப்படி ஒரு காலையில் மீன் படகோரம் வந்தபோது, கூட வந்த வழிகாட்டி வலையை எடுக்கவில்லை. குனிந்து, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே பார்த்தார். அங்கே எலும்பில்லாத, கட்டைவிரல் நுனி அளவுச் சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். கொழுப்புத் துடுப்பு என்பார்கள். இதற்கு இருந்தது. விட வேண்டிய மீனைப் படகுக்குள் ஏற்றுவதே அந்த மாநிலத்தில் குற்றம். எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான் மாட்ட வேண்டும் என்பதும் சட்டம். இடுக்கியால் முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே திருப்பிக் கழற்றினார். அவர் விரல்களில் வெள்ளிச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மீன் ஒரு கணம் ஒருக்களித்துக் கிடந்து, பிறகு நேராகிக் கீழே இறங்கியது. “பிழைச்சுக்கும்” என்கிற தொனியில் தலையாட்டிவிட்டு அடுத்த இரையை மாட்டத் தொடங்கினார்.

பல மீன்கள் பிழைத்துக்கொள்கின்றன. எல்லாம் பிழைப்பதில்லை. செவுளில் முள் தைத்த மீன், ஆழத்திலிருந்து நெடுநேரம் போராடி மேலே வந்த மீன், செதில் உதிர்ந்த மீன், விட்ட இடத்திலேயே காத்திருக்கும் சீலின் வாய்க்குப் போகும் மீன் என்று ஒரு பங்கு செத்துப்போகிறது. எத்தனை பங்கு என்பது மீனின் அளவு, நீரின் வெப்பம், முள்ளின் வகை, பிடித்தவரின் கைத்திறம் எல்லாவற்றையும் பொறுத்தது. கணக்குக்காக விட்டவற்றில் பத்தில் ஒன்று சாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகுதியில் நான்கு சினூக்கில் ஒன்றுதான் துடுப்பு நறுக்கியது என்றால், இரண்டு மீனை வீட்டுக்கு எடுத்துப்போக எட்டு மீன் படகோரம் வர வேண்டும். ஆறு காட்டு மீன்கள் முள் குத்தி விடப்பட்டவை. வீட்டுக்குப் போகும் இரண்டுக்காகக் கடலில் அரை மீனுக்கும் மேல் சாகிறது, யார் கண்ணுக்கும் படாமல். பொரிப்பக மீன் அதிகமுள்ள இடத்தில் இந்தக் கணக்கு சகிக்கத்தக்கது. காட்டு மீன் அதிகமுள்ள இடத்தில், அதாவது காப்பாற்றத்தக்கது எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே, இதே முறை மோசமான பலனைத் தருகிறது. வாஷிங்டன் அதிகாரிகளுக்கு இது தெரியாததல்ல. எடுத்த மீனோடு, கையாண்டு விட்ட மீனையும் கணக்கில் சேர்த்துத்தான் பருவத்தை முடிக்கிறார்கள். அதனால்தான் சில பகுதிகளில் கோடைச் சினூக் பருவம் ஒருசில நாட்களில் முடிந்துபோய், படகை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் துறையிலிருந்தே திரும்புகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் கலப்பு. கோடைக் கடலில் மேயும் சினூக் கூட்டத்தில் எது எந்த ஆற்று மீன் என்று கண்ணால் சொல்ல முடியாது. எழும்பூர் ரயில் நிலையக் கூட்டத்தில் நின்றுகொண்டு, முகத்தைப் பார்த்தே இவர் விருதுநகர், அவர் விழுப்புரம் என்று சொல்லச் சொல்வது போன்றது அது. ஃப்ரேசர் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அழிவாபத்தில் உள்ள உயிரினங்களை மதிப்பிடும் கனடாவின் அறிவியல் குழு, 2018 நவம்பரில் ஃப்ரேசர் சினூக்கின் பிரிவுகளை ஆராய்ந்தபோது, எட்டுப் பிரிவுகளை அழிவின் விளிம்பிலும் நான்கை அதற்கு அடுத்த நிலையிலும் வைத்தது. நிலையாக இருப்பதாகச் சொன்னது ஒன்றைத்தான்: தென் தாம்ப்சன் பிரிவு. இந்தத் தென் தாம்ப்சன் மீன்கள் ஏராளமாக வருகின்றன. தூண்டில்காரர்கள் சுட்டிக்காட்டுவதும் இவற்றைத்தான். “மீன் இல்லை என்று யார் சொன்னது, வந்து பாருங்கள்” என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நலமாக உள்ள பிரிவும் நலிந்த பிரிவுகளும் ஒரே நீரிணை வழியாக, கோடையின் ஒரு பகுதியில் கலந்தே வருகின்றன. தூண்டில் முள்ளுக்கு ஃப்ரேசரின் கிளையாறுகளான தாம்ப்சனும் தெரியாது, சில்கோட்டினும் தெரியாது. 2019இல் கனடா அரசு தெற்குக் கரையில் ஏப்ரல் முதல் கோடையின் முற்பகுதி வரை சினூக்கை எடுக்கத் தடை விதித்ததன் காரணம் இதுதான்.

துடுப்பு நறுக்கும் யோசனை இந்தக் கலப்பைத் தீர்ப்பதாகச் சொல்கிறது. அது பிரிப்பது பொரிப்பக மீனையும் காட்டு மீனையும் மட்டுமே. எந்த ஆறு என்பதை அது சொல்லாது. சொல்லக்கூடிய ஒன்று ஏற்கனவே இருந்தது; அதைத்தான் இந்த முறை கெடுத்துவிட்டது என்பது என்னைப் போன்றவர்களின் தனிப்பட்ட ஆத்திரம். 1960களில் உருவாக்கிய கம்பி அடையாளம் அது: 1.1 மில்லிமீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட உலோகத் துணுக்கு. குஞ்சின் மூக்குக் குருத்தெலும்புக்குள் ஊசியால் செலுத்துவார்கள். எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்பது அதில் குறியீடாகப் பொறித்திருக்கும். வெளியே தெரியாது என்பதால், உள்ளே கம்பி இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கொழுப்புத் துடுப்பை நறுக்கினார்கள். அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியா வரை துடுப்பில்லாத மீன் என்றால் உள்ளே கம்பி என்று பொருள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தூண்டில்காரர்கள் அப்படிப்பட்ட மீனின் தலையை வெட்டி, பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு படகுத்துறைப் பெட்டிகளில் போட்டுவந்தார்கள். அறிவியலுக்குப் பொதுமக்கள் இவ்வளவு எளிதாகக் கைகொடுத்த வேறு ஏற்பாடு அதிகமில்லை. எந்த ஆற்று மீனை எந்த நாட்டார், எந்தக் கடலில், எத்தனை பிடித்தார்கள் என்ற கணக்கின் அடித்தளம் இந்தத் தலைகள்தான். 1985இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட பசிபிக் சால்மன் ஒப்பந்தமே இந்தக் கணக்கின்மீது நிற்கிறது.

வாஷிங்டன் தன் பொரிப்பகச் சினூக்குகளை மொத்தமாக நறுக்கத் தொடங்கியபின், துடுப்பில்லாத மீன்களில் பெரும்பாலானவற்றுக்குள் கம்பியே இல்லை. தலைகள் குவிகின்றன, வெட்டிப் பார்த்தால் வெறுமை. கம்பியைக் கண்டறிய மின்னணுக் கருவிகள் வாங்க வேண்டியதாயிற்று. அதோடு, கம்பி வைத்த பொரிப்பக மீனின் சாவைப் பார்த்துக் காட்டு மீனின் சாவை ஊகிக்கும் கணக்கும் உடைந்தது. ஒன்றை எடுக்கிறோம், மற்றதை விடுகிறோம் என்றால் இரண்டும் ஒரே வீதத்தில் சாவதில்லை அல்லவா? இதைச் சரிக்கட்ட, ஒரே பொரிப்பகத்தில் கம்பி வைத்த குஞ்சுகளை இரு தொகுதிகளாக்கி ஒன்றை நறுக்கியும் ஒன்றை நறுக்காமலும் விடுகிறார்கள். அந்த ஒட்டுவேலை ஓரளவுக்குத்தான் உதவுகிறது. மரபணுச் சோதனை இன்று பல இடங்களில் கம்பியின் இடத்தை நிரப்புகிறது. ஆனாலும் அரை நூற்றாண்டுத் தொடர்ப் பதிவை ஒரு கத்தரிக்கோல் குழப்பிவிட்டதை மறக்க முடியவில்லை.

பொரிப்பகமே ஒரு கேள்விதான். எடுக்கத்தக்க மீன் வேண்டுமென்றால் நறுக்கிய மீன் வேண்டும். நறுக்கிய மீன் வேண்டுமென்றால் பொரிப்பகம் பெருக வேண்டும். அப்படிப் பெருகும் மீன்களில் ஒரு பகுதி வழிதவறிக் காட்டு மீனோடு கலந்து முட்டையிடும். ஒரெகனின் ஹுட் ஆற்றில் சால்மனின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட் மீனை ஆராய்ந்து 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, காப்பில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கையில் இனப்பெருக்கத் திறன் சுமார் 40 விழுக்காடு சரிவதாகக் காட்டியது. எல்லாப் பொரிப்பகமும் இதே அளவு கெடுதல் செய்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீன்பிடியைத் தொடர்வதற்காகப் பொரிப்பகம், பொரிப்பகத்தை நியாயப்படுத்த மீன்பிடி என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும்போது, காட்டு மீனுக்காகப் பேச அங்கே ஆள் இருப்பதில்லை.

தூண்டில்காரர்களின் குறையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பெருமளவு நியாயமானது. சால்மனைக் கொன்றது நாங்களா என்று கேட்கிறார்கள். அணைகள் கொன்றன. 2018 இறுதியில் ஃப்ரேசர் ஆற்றின் பிக் பார் பகுதியில் பாறை சரிந்து ஆற்றை அடைத்ததை அடுத்த ஆண்டு ஜூனில்தான் கண்டுபிடித்தார்கள். சாலைக்கு அடியில் தவறாகப் பதித்த குழாய்கள் மீனை மேலேற விடாமல் ஓடைகளை அடைத்து நிற்கின்றன. அவற்றை வாஷிங்டன் மாநிலம் சரிசெய்தாக வேண்டும் என்ற பூர்வகுடிகளின் வழக்கு 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றது. சியாட்டில் வட்டார ஓடைகளில் மழை பெய்ததும் கோஹோ சால்மன் முட்டையிடும் முன்பே செத்து மிதந்ததற்குக் காரணம் வாகன டயர் என்று 2020 டிசம்பரில் தெரியவந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாகி, தேய்ந்த துகளோடு மழைநீரில் ஓடைக்குள் வருகிறது. இவற்றில் எதைச் சரிசெய்யவும் கோடிக்கணக்கில் பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். மீன்பிடியை மூட ஒரு அறிவிப்புத் தாள் போதும். அதனால் முதலில் அடைபடுவது மீன்பிடிதான். சங்கங்களின் கோபத்துக்கு வேர் இங்கே இருக்கிறது, துடுப்பு நறுக்கும் கோரிக்கை அந்தக் கோபத்தின் விளைவு. கோபம் நியாயம், கேட்கும் பரிகாரம் தவறு.

வேறு என்ன செய்யலாம்? மீன் தன் ஆற்று வாயிலுக்கு வந்தபின் பிடிக்கலாம். கழிமுகத்தில் நிற்கும் மீன் எந்த ஆற்றுக்கு உரியது என்பதில் பெரிய சந்தேகம் கிடையாது. அந்த ஆண்டு எத்தனை வந்திருக்கிறது என்பதை எண்ணலாம், முட்டையிட இத்தனை போக வேண்டும் என்று ஒதுக்கலாம், மிச்சத்தைப் பிடிக்கலாம். குறைவாக வந்தால் அந்த ஒரு கழிமுகத்தை மூடினால் போதும். கரை முழுவதையும் மூட வேண்டாம். இது புதிய யோசனையும் அல்ல. பூர்வகுடிகள் காலங்காலமாகப் பெரும்பாலும் ஆற்றிலும் ஆற்று வாயிலிலும் குறுகிய நீரிணைகளிலுமே பிடித்தார்கள். மோட்டார் படகு வந்தபின்தான், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மீனை மேலும் மேலும் வெளிக்கடலில் போய் எதிர்கொள்ளும் வழக்கம் தொடங்கியது. வாஷிங்டன் மீனைக் கனடா பிடிக்க, கனடா மீனை அலாஸ்கா பிடிக்க, ஒப்பந்தம் போடும் நிலை வந்ததே அதனால்தான்.

நடைமுறையில் இது ஓடுமா என்று கேட்பவர்கள் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் உள்ள போர்ட் அல்பெர்னியைப் பார்க்கலாம். நீண்ட, குறுகிய கடற்கால்வாயின் கோடியில் இருக்கிறது ஊர். சோமாஸ் ஆற்றுக்கும் அதன் மேலே உள்ள ராபர்ட்சன் கிரீக் பொரிப்பகத்துக்கும் திரும்பும் சினூக் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தக் கால்வாய்க்குள் திரள்கிறது. கடலில் கலந்து கிடந்தது இங்கே பிரிந்து வந்துவிடுகிறது. ஊரே அந்த வாரங்களில் படகாகிவிடும். வாஷிங்டனிலும் துலாலிப் விரிகுடாவில் பூர்வகுடிகளின் பொரிப்பகத்துக்குத் திரும்பும் மீனைக் கரையோரம் ஒரு சிறு எல்லைக்குள் மட்டும் பொதுமக்கள் பிடிக்கத் திறக்கிறார்கள். ‘குமிழி’ என்று அதற்குச் செல்லப்பெயர்.

“ஆற்றை நெருங்கிய மீன் இரை எடுக்காது, கடிக்காது, சதையும் நிறம் மங்கிவிடும், அதைப் பிடிக்க யார் பணம் கொடுத்து வருவார்?” என்பது சுற்றுலா விடுதிக்காரர்களின் எதிர்வாதம். பாதி உண்மை. ஆனால் இந்தக் கரையின் மிகப் பெருமைக்குரிய தூண்டில் மரபே ஆற்று வாயிலில்தான் பிறந்தது. கேம்பெல் ரிவர் ஊரில் 1924இல் தொடங்கிய டைய் சங்கத்தின் உறுப்பினராக, ஜூலை 15க்கும் செப்டம்பர் 15க்கும் இடையில், கேம்பெல் ஆற்று வாயிலில், துடுப்புப் போட்டு ஓட்டும் படகிலிருந்து, 20 பவுண்டுக்கு மேல் தாங்காத நரம்பில், எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளில், போலி இரையால், 30 பவுண்டுக்குக் குறையாத சினூக்கைப் பிடிக்க வேண்டும். மோட்டார் கூடாது. ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் கோலைப் பிடித்திருக்க, மாலை மங்கும் நேரத்தில் ஓட்டத்துக்கு எதிராக அங்குலம் அங்குலமாக நகரும் அந்தப் படகுகளில், பருவம் முழுதும் துடுப்புப் போட்டும் ஒரு மீன்கூடக் காணாதவர்கள் உண்டு. ஆனாலும் அடுத்த ஆண்டு வந்துவிடுகிறார்கள். டவுன்ரிகரும் மீன்காட்டும் திரையும் இல்லாமல் விளையாட்டு சுவைக்காது என்பவர்களுக்கு, நூறாண்டாக நடக்கும் இந்தச் சங்கத்தைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. இன்று அந்த ஆற்றின் சொந்தச் சினூக் மெலிந்துவிட்டது. பிடித்த மீனை எடைக்கு வைக்காமல் விட்டுவிடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கழிமுகத்தில் பிடிப்பதற்கு இன்னொரு நியாயம், மனிதரைச் சேராதது. சேலிஷ் கடலில் வாழும் தெற்கத்தி ஓர்க்காத் திமிங்கிலங்கள் ஏறக்குறைய எழுபத்தைந்துதான் மிஞ்சியிருக்கின்றன. 2005 முதல் அமெரிக்காவில் அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கின்றன. இவற்றின் முதன்மையான உணவு சினூக். 2018 கோடையில் செத்த குட்டியைத் தாய் ஒன்று 17 நாள் தலையில் தாங்கிச் சுமந்ததை உலகமே பார்த்துக் கலங்கியது. கலங்கிவிட்டு, திமிங்கிலம் சாப்பிடும் மீனை அது சாப்பிடும் இடத்துக்கு முன்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கழிமுகம் வரை மீனை விட்டால், வழியில் திமிங்கிலம் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். நமக்கு மிச்சம்.

இழப்பே இருக்காது என்று சொல்ல முடியாது. ஜூன், ஜூலையில் நீரிணையை நம்பியிருக்கும் விக்டோரியா போன்ற ஊர்களின் வாடகைப் படகுக்காரர்களுக்கு அருகில் பெரிய சினூக் கழிமுகம் கிடையாது. அவர்கள் தொழில் சுருங்கும். இளஞ்சிவப்புச் சால்மன் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஃப்ரேசருக்குத் திரண்டு வரும்போதும், கோஹோ வரும்போதும் அந்தப் படகுகளுக்கு வேலை உண்டு. ஆனாலும் சினூக்குக்காக வருகிறவர் கொடுக்கும் கட்டணம் அவற்றுக்குக் கிடைக்காது. அந்த இழப்பை ஈடுசெய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும். பொரிப்பகங்களில் கோடிக்கணக்கான குஞ்சுகளின் துடுப்பை நறுக்க இயந்திரங்கள் வாங்கவும் ஆட்களை அமர்த்தவும் ஒதுக்கச் சொல்லிக் கேட்கிற அதே பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

பசிபிக் சால்மன் ஒப்பந்தத்தின் இப்போதைய சினூக் பிரிவு 2028 முடிவு வரைதான் செல்லும். அடுத்த பத்தாண்டுக்கு யார் எவ்வளவு பிடிப்பது என்று இரு நாட்டாரும் பேசியாக வேண்டும். வழக்கம்போல் விழுக்காடுகளைக் கூட்டிக் குறைத்துப் பேசிவிட்டு எழுந்துவிடாமல், அலாஸ்கா, கனடா, வாஷிங்டன் என்று ஒவ்வொருவர் பங்கிலும் எவ்வளவைக் கடலிலிருந்து கழிமுகத்துக்கு மாற்ற முடியும் என்ற கேள்வியைக் கனடா முதல் நாளே மேசைமீது வைக்க வேண்டும். அலாஸ்கா ஒத்துக்கொள்ளாது, தெரியும்; அதன் தென்கிழக்குக் கடலில் தூண்டிலில் சிக்கும் சினூக்கில் பெரும்பகுதி வேற்றூர் ஆறுகளில் பிறந்தது. கனடா தன் வாசலில் கோடைத் தூண்டிலைக் கழிமுகத்துக்கு நகர்த்திக் காட்டாமல் அலாஸ்காவை நோக்கி விரல் நீட்ட முடியாது.

– கட்டுரையாளர், மீன்வள ஆய்வாளர்